தோளில் தொங்கும் மிக்ஸர் பிறந்த கதை

1991 தீபாவளிக்கு வந்த 'குணா' படத்துக்குப் பிறகுதான் கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சனுக்குக் குணா குகை என்று பெயர் நிலைத்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பட யூனிட்டுகள் மலையில் படத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். வசனத்தைச் சென்னை டப்பிங் தியேட்டரில் பேசிக்கொள்வார்கள். கேமரா இரைந்தாலும், வேடிக்கை பார்க்கும் கூட்டம் கத்தினாலும் யாருக்கும் கவலையில்லை. அப்படிப்பட்ட சினிமாவுக்குத் தோளில் மாட்டும் ஆடியோ மிக்ஸர் எதற்கு? அந்தப் பெட்டிக்குத் தேவை வந்தது டிவி செய்தியால்.

நேரடியாக ஒலி பிடித்த வெளிநாட்டுப் படக்காரர்களிடம் நாக்ரா டேப் ரெக்கார்டர் இருந்தது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் 1951இல் முதல் மாடலைச் செய்தார். 1958இல் வந்த நாக்ரா 3 உலகம் முழுக்கப் பரவியது. படம் பிலிமில், ஒலி தனி நாடாவில். 1970களில் டிவி செய்திக்கு யூமேட்டிக் வீடியோ வந்ததும் இரண்டும் ஒரே நாடாவுக்குள் போயின. வேலை சுளுவானது, ஆனால் அந்த ரெக்கார்டர்களுக்குக் காது கொஞ்சம் மட்டம். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கில்தான். அதை உயர்த்தும் சர்க்யூட் சுமாராக இருந்தால் பேச்சோடு 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். பேட்டி கொடுப்பவர் திடீரென்று குரலை உயர்த்தினால் ஒலி பிளந்துவிடும்.

எனவே நடுவில் ஒரு பெட்டி வேண்டியிருந்தது. மூன்று நான்கு மைக்கை வாங்கி, ஒவ்வொன்றின் அளவையும் தனியாகத் திருகி, எகிறுவதை லிமிட்டரால் அமுக்கி, கேமராவுக்குக் கேபிளில் அனுப்பும் பெட்டி. ஷூர், எஸ்.க்யூ.என். என்று பேர் வாங்கியவர்கள் வந்தார்கள். 1998இல் விஸ்கான்சினில் சவுண்ட் டிவைசஸ் தொடங்கியது.

பெட்டியில் '48 வோல்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கண்டென்சர் மைக்குக்கு மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பது அது. 48 என்ற கணக்கு எப்படி வந்தது? 1966இல் ஜெர்மனியின் நியூமன் கம்பெனி நார்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தது. குளிர்காலத்தில் பகலே குறைவான ஊர். கரண்ட் போனால் எரியவேண்டிய விளக்குகளுக்காக நிலையத்தில் 48 வோல்ட் லைன் ஏற்கெனவே ஓடியது. அதையே மைக்குக்கும் கொடுத்தார்கள், பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது.

2008இல் கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்து எல்லாவற்றையும் குழப்பியது. படம் பிரமாதம், ஹெட்போன் மாட்டவே இடமில்லை. ஒலி மறுபடி கேமராவை விட்டு வெளியேறியது, மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியாயின. 2019இல் வந்த ஜூம் எஃப்6, 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிறது: அளவைத் தப்பாக வைத்தாலும் பிறகு பெரும்பாலும் மீட்கலாம்.

ஆனால் கொடைக்கானலின் பில்லர் ராக்ஸில் காற்று மைக்கின் முகத்தில் அறைந்துவிட்டால் எந்த 32 பிட்டும் அதை மீட்காது. கொடைக்கு எடுத்துப்போகும் மிக்ஸரில் நான் முதலில் பார்ப்பது, காற்றின் தாழ்ந்த இரைச்சலைக் குறைக்கும் லோ கட் எப்படி இருக்கிறது என்பது. அடுத்து, விரல் விறைத்தாலும் பிடிபடும் பெரிய திருகுகள், தொடுதிரையை நம்பாதீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒரு செட் சட்டைப் பையின் சூட்டில் இருக்கட்டும். பட்ஜெட் இடித்தால் மிக்ஸரில் ஒரு மாடல் இறங்கி, ரோமம் போர்த்திய நல்ல விண்ட்ஷீல்டை வாங்கிவிடுங்கள்.