பிஎம்ஐ 24 வந்தா நார்மலா? இந்தியர்களுக்கு கணக்கு வேற!

ஜிம்மில் சேர்ந்தாலும் சரி, ஹெல்த் செக்கப் போனாலும் சரி, முதலில் கேட்பது உயரமும் எடையும்தான். அதை வைத்துப் போடுவதுதான் பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண். மொபைல் கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

கணக்கிடுவது எப்படி?

எடையை கிலோவிலும், உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் வகுத்து, வரும் விடையை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுக்கவும். அவ்வளவுதான்!

உதாரணம்: உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 66 கிலோ. மொத்தம் 65 அங்குலம். அதை 2.54ஆல் பெருக்கினால் சுமார் 165 செ.மீ., அதாவது 1.65 மீட்டர்.

66 ÷ 1.65 = 40
40 ÷ 1.65 = 24.2

பலர் சறுக்குவது உயரத்தில்தான். 5 அடி 5 அங்குலத்தை 5.5 அடின்னு போடாதீங்க. 5.5 அடி என்றால் 5 அடி 6 அங்குலம்.

24.2 நார்மலா?

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுப்படி நார்மல்தான்:

* 18.5க்கு கீழ்: எடை குறைவு
* 18.5 - 24.9: சரியான எடை
* 25 - 29.9: அதிக எடை
* 30, அதற்கு மேல்: உடல் பருமன்

ஆனால், இந்தியர்களுக்கு 2009ல் மருத்துவ நிபுணர்கள் பரிந்துரைத்த அளவு வேறு:

* 23 - 24.9: அதிக எடை
* 25, அதற்கு மேல்: உடல் பருமன்

அதன்படி 24.2 அதிக எடை. 23க்குள் வர, இவர் சுமார் 4 கிலோ குறைக்க வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்?

ஒரே பிஎம்ஐ இருந்தாலும் ஐரோப்பியர்களைவிட நமக்கு உடலில், குறிப்பாக வயிற்றில், கொழுப்பு அதிகம். அதனால் ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் சர்க்கரை நோய் வருகிறது.

பிஎம்ஐ மட்டும் போதுமா?

போதாது. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை இது பிரித்துச் சொல்லாது. கர்ப்பிணிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், தசை அதிகமுள்ள விளையாட்டு வீரர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

கையோடு இடுப்பையும் அளந்துவிடுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை வைக்கவும். வயிற்றை எக்கக் கூடாது! ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

பிஎம்ஐ, இடுப்பு இரண்டில் எது எல்லை தாண்டினாலும் பதற வேண்டாம். டாக்டரைப் பார்த்து சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது.