பச்சைக் கட்டி கொடுத்த துப்பு

கிளாஸ்கோவில் உடற்கூறியல் பாடம் நடத்திவந்த ஆலன் பர்ன்ஸ், 1811இல் தலை, கழுத்து அறுவை சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு விநோதக் கட்டியைப் பற்றி எழுதியிருந்தார். கட்டியின் நிறம் பச்சை. அது என்ன என்று சொல்ல அவரிடம் வழியில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 'லுக்கீமியா' என்று பெயர் வைக்கவே இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன. பச்சைக் கட்டிக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக் எழுதியது 1893இல்தான். மஜ்ஜையில் இருக்கவேண்டிய முதிராத வெள்ளணுக்கள் கண்குழியிலோ தோலிலோ குடலிலோ குடியேறித் திரண்டதுதான் அந்தக் கட்டி.

ஆனால் நிறத்தை நம்பி நோயைச் சொல்ல முடியவில்லை. வெட்டியெடுத்த துண்டைக் காற்றுபட வைத்தால் பச்சை வெளுத்துப்போகும். சில கட்டிகளோ முதலிலிருந்தே பச்சையாக இருப்பதில்லை. அதனால் 1966இல் நோயியல் மருத்துவர் ராப்பபோர்ட், நிறத்தைச் சொல்லும் பழைய பெயரையே கைவிடச் சொன்னார். மைலாய்டு சார்கோமா என்பது இன்றைய பெயர்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்குச் சற்று முந்தியது. 1941இல் சுவீடன் விஞ்ஞானி அக்னர், வெள்ளணுக்களிலிருந்து ஒரு பச்சை நொதியைப் பிரித்தெடுத்தார். கிருமியைக் கொல்ல அணு வைத்திருக்கும் ஆயுதம் அது. நமக்குச் சளி பச்சையாக வருவதும் அதனால்தான். மைலோபெராக்சிடேஸ் (எம்.பி.ஓ.) என்ற அந்த நொதிதான் கட்டிக்கும் நிறம் கொடுத்தது. நிணநீர் அணுக்களிடம் அது கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் சாயம் போட்டுக் காட்டிவிடலாம்.

அந்தச் சாயம் ஏன் வேண்டும் என்பது கட்டியின் ஸ்லைடைப் பார்த்தால் புரியும். வழக்கமான சாயத்தில், நெருக்கியடித்துக் கிடக்கும் நீல உருண்டைகள். பார்த்த மாத்திரத்தில் 'லிம்போமா' (நிணநீர் அணுக்களின் புற்றுநோய்) என்று எழுதத் தோன்றும், பலமுறை எழுதியும் இருக்கிறார்கள். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செக்கச்செவேல் குருணைகளோடு இளம் இயோசினோபில் அணு தென்பட்டால் அனுபவசாலி நிமிர்ந்து உட்காருவார். எம்.பி.ஓ. சாயம் போடச் சொல்வார். நொதி இருக்கும் அணுக்களில் பழுப்பு ஏறும். மோனோசைட் வகையாக இருந்தால் பழுப்பு ஏறாமலும் போகலாம், அப்போது சி.டி. 68, லைசோசைம் என்று அடுத்த சாயங்கள். ஒரே சாயத்தை நம்பி முடிவு எழுதுவது ஆபத்து.

அடுத்து மஜ்ஜைப் பரிசோதனை. மஜ்ஜை சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வருவதும் உண்டு. அதை நம்பிக் கட்டியை மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் லுக்கீமியா வெளிப்பட்டுவிடுகிறது. எனவே மஜ்ஜையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், கடும் மைலாய்டு லுக்கீமியாவுக்குக் கொடுக்கும் கீமோவைத்தான் இவர்களுக்கும் தொடங்குகிறார்கள்.