மலைநாட்டுப் புகையிரதமும் ஆளணியும்

புகையிரதப் பயணியரின் மனக்குறைக்கு ஆளணிப் பற்றாக்குறையே காரணமெனப் பலரும் கூறுவர். அவ்வாளணியில் எவர் இடம்பெற்றனர் என்பதும் ஆராயற்பாலது.

அக்கரப்பத்தனைக்கு இருப்புப்பாதை இல்லை. தலவாக்கலை நிலையமே அதன் வாயில். அவ்வழியே 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, பெருந்தோட்ட விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற் சேர்ப்பதற்கே முதன்மையாக அமைந்தது. அப்பொருளைத் தம் உழைப்பால் விளைவித்த தமிழரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. நாடற்றோர்க்கு அரச உத்தியோகம் இல்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. ஆதலின் பயணச்சீட்டு வழங்குமிடத்தின் உட்புறம் அவர்க்கு அடைபட்டது. வெளியே நின்ற பயணியின் மொழிக்கோ உள்ளே தகுதியில்லை.

1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2003இல் எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. இனி ஆளணியைப் பெருக்குங்கால், தொகையோடு பயணியரின் மொழியறிந்தாரையும் கணக்கிடுதலே நீதியாகும்.