நாகம்மாளின் பங்கு: கொங்கு நாவல்களில் காதலும் காணியும், அவற்றின் வாசகர்களும்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. அதைப் பற்றி இந்த எண்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: தமிழின் முதல் வட்டார நாவல் என்ற பெருமை, கொங்குப் பேச்சு அதில் இறங்கியிருக்கும் அழகு, அடங்காத ஒரு விதவையின் பேராசை ஒரு குடும்பத்தை அழித்த சோகம். முதல் இரண்டும் பாராட்டு. மூன்றாவது தீர்ப்பு. நாவலைத் தாங்கி நிற்கும் உறவோ, அதாவது நாகம்மாளுக்கும் கெட்டியப்பனுக்கும் உள்ள உறவோ, இந்த மூன்றுக்கும் வெளியே நின்றுவிட்டது. அதைத் தொட்டவர்களும் ஒழுக்கக் கேடு என்றோ கெட்ட சேர்க்கை என்றோ ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறார்கள். அந்த உறவை அக்காலத்து நிலவுரிமையிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது என்பதும், பிரித்துப் படித்ததால்தான் நாகம்மாள்மேல் இத்தனை காலமாக அநியாயமான தீர்ப்பு நின்றுவந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சண்முகசுந்தரம் 1917இல் தாராபுரத்தை ஒட்டிய கீரனூரில் பிறந்தவர். 'மணிக்கொடி'யில் சிறுகதை எழுதித் தொடங்கியவர். கோவையிலிருந்து சகோதரருடன் சேர்ந்து 'வசந்தம்' இதழை நடத்தினார். 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட வங்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த உழைப்பாளியும் அவரே. 1977இல் மறைந்தார். 'நாகம்மாள்' அவருடைய முதல் நாவல், கு.ப. ராஜகோபாலன் அதற்கு முன்னுரை எழுதினார். ஆண் பெண் உறவின் சூட்சுமங்களை அன்றைய தமிழில் யாரும் தொடாத நுணுக்கத்தோடு எழுதிய கு.ப.ரா.வின் கையில் இந்த நாவல் முதலில் போய்ச் சேர்ந்ததைத் தற்செயலாக நான் எண்ணவில்லை. பின்னால் விமர்சகர் க.நா.சு. சண்முகசுந்தரத்தை விடாமல் முன்னிறுத்தினார். பெருமாள்முருகன் 'ஆர். சண்முகசுந்தரத்தின் படைப்பாளுமை' என்று ஒரு முழு ஆய்வே செய்தார். இந்த மூவரும் இல்லையென்றால் நாவல் பழைய புத்தகக் கடைகளோடு போயிருக்கும். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கதை சிறியது. கணவனை இழந்த நாகம்மாள், முத்தாயி என்ற பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பனின் மனைவி ராமாயி நல்லவள், பொறுத்துப் போகிறவள். ஊருக்கு அடங்காத முரடன் கெட்டியப்பனோடு நாகம்மாளுக்குப் பழக்கம் உண்டு. தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று அவள் கேட்கிறாள். சின்னப்பன்மேல் பகை உள்ளவர்கள் அந்தக் கேள்விக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். முடிவில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாகிறான். இதைப் படித்துமுடிக்கும் எவருக்கும் மனம் சின்னப்பன் பக்கமே சாயும். உழைப்பாளி, வம்புக்குப் போகாதவன், செத்தவன். ஆகவே வாசகர் நாகம்மாளைக் கூண்டில் ஏற்றுவது இயல்பு. ஆனால் எந்தச் சட்டத்தின் கூண்டு?

1937இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரியாத குடும்பத்தில் கணவன் இறந்தால் அவனுக்கிருந்த பங்கு விதவைக்குச் சேரும், அவள் ஆண் பங்காளியைப் போலவே பாகப்பிரிவினை கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். அவளுக்குக் கிடைப்பது ஆயுள்வரைக்குமான உரிமைதான். இருந்தாலும் அது ஒரு பெரிய தாவல். ஆனால் 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் வேறொன்று சொன்னது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்தியச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் கருத்து. சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையை நீட்டித்துச் சட்டம் செய்தது 1947இல். ஆக, 'நாகம்மாள்' அச்சேறிய ஆண்டில் கொங்கு நாட்டில் ஒரு விதவை நகையில், வீட்டில், ரொக்கத்தில் பங்கு கேட்கலாம். காட்டிலும் தோட்டத்திலும் கேட்கச் சட்டம் கிடையாது. காடும் தோட்டமும்தான் சொத்து என்றிருந்த ஊரில் இதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய சாத்திரப்படி பிரியாத குடும்பத்தில் அண்ணன் செத்தால் அவன் பங்கு தம்பியோடு சேர்ந்துவிடும். விதவைக்குச் சோறும் சீலையும், அதாவது ஜீவனாம்சம் மட்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. நாகம்மாளுக்குப் பிறந்தது பையனாக இருந்திருந்தால் அவன் பிறந்த நிமிஷத்திலிருந்தே பங்காளி. அவன் பேரில் பாகம் கேட்டு வழக்குப் போடலாம், ஊர்ப் பெரியவர்களும் மறுக்க முடியாது. பிறந்தது முத்தாயி. கதையில் அந்தக் குழந்தையை ஒரு பாவப்பட்ட சிறு பாத்திரமாக மட்டும் பார்ப்பவர்கள் நாவலின் அடித்தளத்தையே கவனிக்கத் தவறுகிறார்கள். பையன் இருந்தால் கோர்ட்டு. பையன் இல்லாவிட்டால் கெட்டியப்பன். நாகம்மாளின் முன்னால் இருந்த வழிகள் இவைதான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பங்கு கையில் கிடைத்தால்கூட ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்பதை அந்தக் காலத்துக் கொங்குப் பண்ணையம் தெரிந்தவர்தான் உணர முடியும். தாராபுரம், காங்கேயம் பக்கம் மழை குறைவு. மானாவாரி நிலம் காடு. கிணறு உள்ளது தோட்டம். காட்டை வரப்புப் போட்டு இரண்டாக்கிவிடலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? முறை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்: இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் எனக்கு. அந்த முறை நாளில் தண்ணீர் தானாக மேலே வராது. எருது பூட்டி இறைக்கும் கவலையை ஓட்ட ஒரு ஜோடி எருது, சால், வடம், தும்பிக்கயிறு எல்லாம் வேண்டும். எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே ஏறி வாய்க்காலில் கொட்டும். அவற்றைப் பின்னுக்கு நடத்தினால் சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். விடியும் முன்பே பூட்டி வெயில் ஏறும்வரை இதையே செய்ய ஓர் ஆள் வேண்டும். மடை மாற்றிவிட இன்னோர் ஆள். பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோவை மில்களுக்கு வந்துவிட்டது. ஆனால் கிராமத்துக் கிணறுகளில் வெகுகாலம் கவலைதான் ஓடியது. அண்ணன் தம்பி பிரிந்தால் எருது ஜோடியும் உடையும். ஒற்றை எருதை வைத்துக்கொண்டு யாரும் இறைக்க முடியாது. சின்னப்பனுக்குப் பாகப்பிரிவினை ஏன் கசந்தது என்பதற்கு இங்கே நியாயமான காரணம் இருக்கிறது. நாகம்மாளுக்கு ஓர் ஆண்துணை ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் அதே கிணற்றடியில்தான் காரணம் இருக்கிறது. நிலம் கேட்கும் பெண், அந்த நிலத்தை உழவும் இறைக்கவும் காவல் காக்கவும் வலுவுள்ள ஒருவனை நம்புகிறாள். அவன்மேல் அவளுக்கு ஆசையும் இருக்கிறது. இரண்டையும் தராசில் தனித்தனித் தட்டில் வைக்க நாவல் இடம் தரவில்லை.

உலகின் வேறொரு மூலையில் இதே மூவர் ஒரு புகழ்பெற்ற கதையில் வருகிறார்கள்: சொத்துள்ள பெண், அதைக் கட்டுக்குள் வைக்க நினைக்கும் சமூகத்தார், துப்பாக்கியோடு வரும் நாடோடி முரடன். ஜேன் கிரேயின் 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' 1912இல் வெளிவந்த கௌபாய் காதல் நாவல். ஜேன் விதர்ஸ்டீன் தகப்பன் வழியாகப் பண்ணையும் மாட்டு மந்தைகளும் பெற்றவள். அவளை மணந்து அதையெல்லாம் தம் வசமாக்கப் பார்க்கிறார்கள் அவளுடைய மதத்து மூத்தோர். லாசிட்டர் என்ற துப்பாக்கிக்காரன் அவள் பக்கம் நிற்கிறான். கடைசியில் அவளுக்கு மந்தையும் போகிறது, வீடும் போகிறது. மலையிடுக்கு வாயில் ஒரு பெரும்பாறையை லாசிட்டர் உருட்டிவிட, இருவரும் ஒரு பள்ளத்தாக்குக்குள் அடைபட்டுக் காதலோடு மிஞ்சுகிறார்கள். அமெரிக்க வாசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். முரடனின் வன்முறையை வீரமாக எடுத்துக்கொண்டார்கள். அதே வேலையைச் செய்த கெட்டியப்பன் நம் வாசகருக்குப் போக்கிரி. இருவரும் கொன்றவர்கள்தான். வேறுபாடு எங்கே? ஜேனுக்குச் சொத்து அவள் பேரிலேயே இருந்தது. ஆகவே அவளுக்காக நின்றவன் நீதியின் பக்கம் நின்றவனானான். நாகம்மாளுக்கு அவள் பேரில் ஒரு குழி நிலமும் இல்லை. ஆகவே அவளுக்காகக் கை ஓங்கியவன் அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டவனானான். காதலுக்கு வாசகர் கொடுக்கும் மதிப்பெண் பத்திரத்தில் உள்ள பெயரைப் பொறுத்திருக்கிறது. இதை நான் ஒரு குற்றச்சாட்டாகவே வைக்கிறேன்.

ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. கெட்டியப்பன் நாகம்மாளை நேசித்தான் என்பதற்கு நாவலில் என்ன ஆதாரம்? அவன் அவளைப் பயன்படுத்திக்கொண்டான் என்று ஏன் சொல்லக் கூடாது? சண்முகசுந்தரம் இந்த உறவைக் கோடிட்டுத்தான் காட்டுகிறார். கொஞ்சல் பேச்சு கிடையாது, ஏக்கப் பெருமூச்சு கிடையாது. உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கனத்தை அன்பின்மை என்று படிப்பது நகரத்துக் காதல் கதைகளில் பழகிய கண். மறுமணத்துக்கு வழியில்லாத ஒரு சாதியில், வெள்ளைச் சீலை கட்டியவள் ஒருவனோடு நின்று பேசினாலே ஊர் வாயில் விழுவாள். அந்த ஊரில், அவன் பேரோடு தன் பேர் சேர்ந்து அடிபடுவதைப் பொறுத்துக்கொண்டு பழக்கத்தை விடாமல் இருக்கிறாளே, அதைவிட வெளிப்படையாக அவள் எதைச் சொல்ல வேண்டும்? கெட்டியப்பனின் மனம் எப்படி இருந்தது என்பதை நாவல் திறந்தே விட்டிருக்கிறது. நாகம்மாளின் மனத்தை அப்படி விடவில்லை. கொலைக்கு இது நியாயமாகாது. சின்னப்பனின் சாவு சாவுதான். ஆனால் கொலையைக் கண்டிப்பதற்காக அவள் ஆசையையும் அவள் கேட்ட பங்கையும் சேர்த்துக் கண்டிக்க வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் 'நாகம்மாள்' வாசகரோடு நின்றிருந்தால் ஒரு பழைய கதை என்று விட்டுவிடலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. காளியும் பொன்னாவும் கணவன் மனைவி. காளிக்கு மாடு கன்றுகளோடு, அவற்றைக் கட்டும் தொண்டுப்பட்டியில் கிடப்பதுதான் வாழ்க்கை. பொன்னா பிறந்த வீட்டில் அவன் நட்ட பூவரச மரத்தடியில் கதை தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை. பிள்ளைக்காகக் கோயில் திருவிழாவில் வேறோர் ஆணிடம் பொன்னாவை அனுப்ப வீட்டார் முனைகிறார்கள். அந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் மோகத்தைப் போலத் தமிழ் நாவலில் ஒரு திருமண மோகம் எழுதப்பட்டது அரிது. மாடு மேய்க்கும் ஒருவனின் காதல் கதை என்று கொங்கு நாட்டில் ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் சுட்டுவேன். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நாவலுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டமும், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையும், அதற்குப்பின் ஆசிரியர் எழுத்தை நிறுத்தியதாக அறிவித்ததும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடைசெய்ய மறுத்ததும் எல்லாரும் அறிந்தவை. எதிர்த்தவர் சாதி மானத்தையும் கோயிலையும் பேசினார்கள். ஆதரித்தவர் கருத்துரிமையைப் பேசினார்கள். அது அன்று அவசியமாக இருந்தது, நானும் அந்தப் பக்கமே. ஆனால் காளியும் பொன்னாவும் இரண்டு அணியின் பேச்சிலும் காணாமல் போனார்கள். பிள்ளை எதற்கு வேண்டும் என்று அவர்களைச் சுற்றியிருப்பவர் கேட்கும்போது நிலம் யாருக்குப் போகும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. முத்தாயி பையனாகப் பிறக்காதது நாகம்மாளுக்கு என்ன செய்ததோ, அதையே பிறக்காத பிள்ளை பொன்னாவுக்குச் செய்கிறது. ஒருத்திக்கு ஆணின் பலம் தேவைப்பட்டது, இன்னொருத்திக்கு ஆணின் விந்து தேவைப்பட்டது; இரண்டையும் தேவையாக்கியது வாரிசுரிமை.

'வட்டார நாவல்' என்ற முத்திரை இந்த இடத்தில் கெடுதல் செய்திருக்கிறது என்று கருதுகிறேன். மண் மணம், பேச்சு வழக்கு, திருவிழா, பழமொழி என்று தொகுத்துக் காட்ட அந்த முத்திரை உதவுகிறது. அப்படித் தொகுத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இல்லாமல் இந்நாவல்களை இன்று யாரும் சரியாகப் படிக்க முடியாது. ஆனால் மண்ணின் மணத்தைப் பேசியவர்கள் மண் யார் பேரில் இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காதலும் கண்ணில் பட்டிருக்கும்.

பின்வந்த சட்டங்களும் இங்கே நினைக்கத் தக்கவை. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவையின் ஆயுள்கால உரிமையை முழு உரிமையாக்கியது. தமிழ்நாடு 1989இல் மகள்களையும் பிறப்பாலேயே பங்காளிகளாக்கியது. முத்தாயிக்கு அது கிடைக்க அவள் அரை நூற்றாண்டு தள்ளிப் பிறந்திருக்க வேண்டும். ஆனாலும் கொங்குக் கிராமங்களில் கலியாணத்தில் போட்ட நகையைக் காட்டி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை மகளிடம் எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் உண்டு. 'நாகம்மாள்' இன்றும் நம் வீட்டு விவகாரமே.

கோவை, ஈரோடு, நாமக்கல் கல்லூரிகளில் தமிழாய்வு செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நாகம்மாளில் வட்டார வழக்கு' என்ற தலைப்பில் இன்னோர் ஆய்வேடு வேண்டாம். தாராபுரம், காங்கேயம் பதிவாளர் அலுவலகங்களில் 1930கள், 40களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களும் விடுதலைப் பத்திரங்களும் இருக்கின்றன. எந்த விதவைக்கு என்ன கொடுத்தார்கள், கிணற்று முறை எத்தனை நாள், எருதில் பங்கு உண்டா, ஜீவனாம்சத்துக்கு எத்தனை வள்ளம் கம்பு என்று அவற்றிலிருந்து எடுத்து, நாவலின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் அப்பத்தாவிடமும் கேளுங்கள். அவர்கள் பேரில் நிலம் இருந்ததா, யார் உழுதார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நாகம்மாளைப் பற்றித் தீர்ப்பு எழுதலாம்.