தொட்டிக்குள் இருந்த எண்ணெய்

வாளிப் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் திரிந்தால் வெட்டுக்காரர்கள் உடனே அறிவார்கள். பால் தடிக்கும், புளித்த வாடை வீசும். இரண்டு சொட்டு அமோனியா விட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆலைகளில் நேரும் கோளாறுகள் எல்லாம் இப்படிக் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுவதில்லை. அவ்வாறு எட்டாமல் போன ஒரு கோளாறு சிங்கப்பூரில் என்ன செய்தது என்பதை இன்று பார்ப்போம்.

ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பும் இறால் குளங்களும் ரப்பர் மரங்களுமாக இருந்த வட்டாரம். 1961இல் அங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்கிற்று. 1963இல் ஜூரோங் கப்பல் பட்டறை ஏற்பட்டது. 1978 அக்டோபரில் 'ஸ்பைரோஸ்' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் அங்கே பழுதுபார்ப்பில் இருந்தது. 12ஆம் தேதி பிற்பகல் 2 மணி கடந்திருக்கும். இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்போது கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டார்கள், 69 பேர் காயமுற்றார்கள். போருக்குப் பின் சிங்கப்பூர் அத்தனை பெரிய தொழில் விபத்தைக் கண்டதில்லை.

விசாரணைக் குழு காரணத்தைக் கண்டது. இரும்பு வெட்டும் தீக்கருவியின் நெருப்பு, கப்பலின் பின்பக்கத் தொட்டி ஒன்றில் தேங்கியிருந்த எண்ணெய் ஆவியைப் பற்றவைத்தது. கப்பலின் எரிபொருளில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது.

இந்தக் கலப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் இருக்கும் இடத்தில் குச்சியைக் கிழிக்கவே அஞ்சுவோம். கப்பல் எரிக்கும் கனத்த எண்ணெய் 60 பாகைக்கு மேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். கச்சா எண்ணெயிலோ பெட்ரோல் போன்ற இலேசான பகுதிகளும் சேர்ந்திருக்கின்றன. சாதாரண வெயில் சூட்டிலேயே அவை ஆவியாகிவிடும். கனத்த எண்ணெய்த் தொட்டி என்று பெயர் இருந்தால் போதுமா? உள்ளே என்ன இருக்கிறது என்பதல்லவா கணக்கு! நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டி சில வேளை பொல்லாதது. அடியில் ஒட்டிய எண்ணெயின் ஆவி காற்றோடு கலக்க அங்கே இடம் தாராளமாக இருக்கிறது.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி இத்தகைய விபத்துகளை முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. தொட்டிக்கு வெளியே நின்று இரும்பு வெட்டுகிறவன் உள்ளே இருக்கும் ஆவியை எந்தக் கண்ணால் பார்ப்பான்?

பார்க்கும் வழியை மனிதன் முன்பே தேடியிருக்கிறான். 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்கென ஒரு விளக்குச் செய்தார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. சுரங்க வாயு சேர்ந்தால் சுடர் உயர்ந்து, அதன்மேல் நீலச் சாயல் படரும். சுரங்கத் தொழிலாளி அதைக் கண்டு வெளியேறலாம். இன்று அந்த வேலையைக் கைக்கு அடக்கமான வாயுமானி செய்கிறது. எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம். தாழ்ந்து அடியில் தங்கும். அதனால் தொட்டியின் மேலே, நடுவே, அடியிலே என்று தனித்தனியாக அளக்கிறார்கள். சோதனை முடிந்து அனுமதிச் சீட்டு எழுதிய பிறகுதான் நெருப்பு வேலை தொடங்கலாம்.

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் கப்பல் பட்டறை ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்: காலையில் எடுத்த வாயு அளவு சாப்பாட்டு வேளைக்குப் பின் செல்லாது, திரும்ப அளக்க வேண்டும்.