துடிக்கும் இதயத்தில் ஒரு தையல்



"இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் அறுவை சிகிச்சை செய்வார்களாமே! மீண்டும் துடிக்காவிட்டால்?" கெடா தோட்டப்புறங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இவ்வச்சத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உளர். ஆகவே, இதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனி அடைபட்டால், மார்பின் உட்புறத் தமனியையோ காலின் சிரையையோ இணைத்து இரத்தத்திற்கு மாற்றுவழி அமைப்பர். அத்தமனியோ சில மில்லிமீட்டர் அகலமே உடையது. துடிக்கும் உறுப்பில் அதனைத் தைப்பது எளிதன்று.

1953-இல் அமெரிக்காவின் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் ஓர் இளம்பெண்ணின் இதயத்தைச் சீர்செய்தார். ஆயினும் 1964 பிப்ரவரி 25-இல் லெனின்கிராட் நகரில் வசீலி கொலெசொவ், அவ்வியந்திரமின்றி, துடிக்கும் இதயத்திலேயே மாற்றுவழி அமைத்தார். பின்னர் இயந்திரம் பரவவே, இதயத்தை நிறுத்திச் செய்வதே வழக்கமாயிற்று. 1980-களில் அர்ஜென்டினாவின் பெனட்டி, பிரேசிலின் புஃபோலோ ஆகியோர் பழைய முறைக்குப் புத்துயிரூட்டினர். 1990-களில் நெதர்லாந்தில் உருவான 'ஆக்டோபஸ்' கருவி, தைக்குமிடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடித்து அசையாமல் நிறுத்தியது. எஞ்சிய இதயம் துடித்துக்கொண்டே இருந்தது.

தமிழ் மண்ணிலும் இவ்வரலாறு உண்டு. 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், இந்தியாவின் முதல் இதய மாற்றுவழி அறுவையைச் செய்தார். நம் நாட்டில், அலோர் ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் 1989-இல் மாரடைப்புக்கு ஆளானபோது, வெளிநாடு செல்லாமல் கோலாலம்பூரிலேயே இவ்வறுவையைச் செய்துகொண்டார். 1992-இல் தேசிய இருதயக் கழகம் தோன்றியது.

எம்முறை சிறந்தது? 19 நாடுகளில் 4,752 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் 2012-ஆம் ஆண்டு முடிவில், முதல் 30 நாள்களில் இரண்டிற்கும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. மற்றோர் ஆய்வு, 5 ஆண்டுகளுக்குப் பின் இயந்திர முறைக்கே சாதகமாக அமைந்தது. ஆதலின், நோயாளியின் நிலையும் மருத்துவரின் பயிற்சியுமே முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

எம்முறையாயினும், காலந்தாழ்த்துவதே பேராபத்து. நெஞ்சுவலியை "வாய்வு" என்றெண்ணி ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திராதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை மாணவர்க்கும் கற்பிப்போம். 999 என்னும் எண்ணை அறிந்த ஒரு பிள்ளை, தன் தாத்தாவின் உயிரைக் காக்கக்கூடும்.