கைவிடப்பட்ட ஓர் இசைத்தட்டு

ஓர் இசைக்குழு தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்து முடிக்கிறது. மாதிரித் தட்டுகளும் அச்சாகி வந்து விடுகின்றன. இசைப் பத்திரிகைகள் ஆவலோடு காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் இது வேண்டாம் என்று அந்தக் குழுவே அதை ஒதுக்கி வைக்குமா? 1981ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் அப்படித்தான் நடந்தது. குழுவின் பெயர் ஜோசஃப் கே. காஃப்காவின் 'விசாரணை' நாவலில், குற்றம் என்னவென்றே தெரியாமல் வழக்கில் சிக்கிக் கொள்ளும் நாயகனின் பெயர் அது.

அன்றைய நிலையைச் சற்று விளக்க வேண்டும். பிரிட்டனில் பாட்டுப்பாடிப் பிழைக்க நினைத்த இளைஞர்கள் லண்டனுக்கு ரயில் ஏறுவதே வழக்கம். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அங்கேதான் இருந்தன. 1976, 1977ஆம் ஆண்டுகளில் எழுந்த பங்க் இசை அலை இந்த நம்பிக்கையை ஆட்டி வைத்தது. சேமிப்புப் பணத்தைப் போட்டு நாமே தட்டு அச்சடித்தால் என்ன என்ற துணிவு பல ஊர்களில் பிறந்தது.

கிளாஸ்கோ நகரில் அந்தத் துணிவு ஆலன் ஹார்ன் என்ற இளைஞருக்கு வந்தது. மேற்கு பிரின்சஸ் தெரு, 185ஆம் எண் கட்டடத்தில் அவர் குடியிருந்த வீடுதான் போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் அலுவலகம். மேளம் தட்டும் பூனை அதன் சின்னம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து இயங்கிய மோடவுன் நிறுவனம் தன்னை 'இளைய அமெரிக்காவின் ஓசை' என்று சொல்லிக் கொண்டதல்லவா? ஹார்ன் கொஞ்சமும் கூச்சப்படாமல் 'இளைய ஸ்காட்லாந்தின் ஓசை' என்று தன் தட்டுகளில் அச்சடித்தார். கையில் இருந்ததோ ஒரு வீடும் ஓரிரு குழுக்களும் மட்டுமே!

1980இல் வந்த முதல் தட்டு, எட்வின் காலின்ஸ் பாடிய ஆரஞ்ச் ஜூஸ் குழுவினுடையது. அடுத்துச் சேர்ந்தவர்கள்தான் எடின்பரோவைச் சேர்ந்த ஜோசஃப் கே. பால் ஹெய்க் பாடினார். மால்கம் ராஸ் அவரோடு சேர்ந்து கித்தார் வாசித்தார். டேவிட் வெடெல் பேஸ் கித்தாரும் ரோனி டாரன்ஸ் டிரம்சும் வாசித்தனர். ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் பாட்டில் காதலும் குறும்பும் துள்ளும். இவர்கள் வேறு ரகம். இரண்டு கித்தார்களும் ஒன்றையொன்று கீறிக் கொள்வது போல் ஒலிக்கும். ஆனாலும் தாளம் காலை ஆட்ட வைக்கும்.

1980 இறுதியில் எடின்பரோவுக்கு அருகிலுள்ள ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் 'சாரி ஃபார் லாஃபிங்' என்ற நெடுந்தட்டு பதிவானது. கேட்டுப் பார்த்தபோது, மேடையில் இருந்த முரட்டுத்தனம் தட்டில் இல்லை, எல்லாம் மெருகேறி வழவழப்பாக இருக்கிறது என்று பட்டது. தட்டு கைவிடப்பட்டது. பிறகு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் சென்று, சில நாள்களுக்குள் வேகவேகமாக மீண்டும் பதிவு செய்தார்கள். 'தி ஒன்லி ஃபன் இன் டவுன்' என்ற பெயரில் 1981 ஜூலையில் அது வெளிவந்தது. இம்முறை மெருகே இல்லை. கித்தார்களின் இரைச்சலுக்கு அடியில் ஹெய்க்கின் குரல் பாதி புதைந்து கிடந்தது. அதுவரை தூக்கிப் பேசிய பத்திரிகை உலகில் ஏமாற்றக் குரல்கள் எழுந்தன. அடுத்த மாதமே குழு கலைந்தது. போஸ்ட்கார்ட் நிறுவனமும் அதற்குப் பின் நீடிக்கவில்லை. அந்த முதல் காலத்தில் அது வெளியிட்ட ஒரே நெடுந்தட்டு இதுதான்.

முடிவு சரியா, தவறா? பல ஆண்டுகள் கழித்துக் கைவிடப்பட்ட பதிவும் குறுந்தட்டாக வந்துவிட்டதால் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது. முதல் பதிவில் பாடல்கள் தெளிவாக நிற்கின்றன. சொற்கள் காதில் விழுகின்றன. கடையில் விற்கக் கூடியது அதுதான். ஆனால் இரண்டாவதில்தான் அந்த நால்வரும் ஒரே அறையில் மூச்சு வாங்க நிற்பது தெரிகிறது. அவர்கள் தங்கள் காதை நம்பினார்கள். அதற்காக அரை ஆண்டுக்கு மேல் இழந்தார்கள். பாட்டு உலகில் அரை ஆண்டு என்பது சிறிய காலமல்ல.

அதே எடின்பரோவில் ஃபயர் என்ஜின்ஸ் என்ற குழுவும் இருந்தது. 1981இல் வந்த அவர்களின் 'லூப்ரிகேட் யுவர் லிவிங் ரூம்' பெரும்பாலும் பாட்டே இல்லாத, கித்தார் முட்டி மோதும் தட்டு. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார்கள். அந்தக் குழுவும் அவ்வாண்டு இறுதிக்குள் முடிந்து போனது.

தப்பிப் பிழைத்தவர் ஆரஞ்ச் ஜூஸ். அவர்கள் பெரிய நிறுவனமான பாலிடாருக்குப் போனார்கள். 'ரிப் இட் அப்' பாடல் 1983இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடம் பிடித்தது. அப்போது அக்குழுவில் கித்தார் வாசித்துக் கொண்டிருந்தவர் வேறு யாருமல்ல, ஜோசஃப் கே குழுவின் மால்கம் ராஸ்தான். 'சாரி ஃபார் லாஃபிங்' பாடலோ ஜெர்மனிக்குப் போய்விட்டது. புரொபகாண்டா குழு 1985இல் தன் தொகுப்பில் அதை மின்னிசைக் கருவிகளோடு புதிதாகப் பாடி வெளியிட்டது. பாடலை ரசித்தவர்களில் எத்தனை பேர் அதன் சொந்தக்காரர்களை விசாரித்திருப்பார்கள்?

விசாரிப்பு 2004இல்தான் பெரிதாகத் தொடங்கியது. கிளாஸ்கோவின் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழு தன் முதல் தொகுப்பிற்காக அவ்வாண்டு மெர்க்குரி பரிசை வென்றது. அந்தக் கீறல் கித்தார், அந்தத் துள்ளல் தாளம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்களுக்கு, அக்குழுவினர் இந்தப் பழைய பெயர்களையே சுட்டினார்கள். அவர்களின் தட்டுகளை வெளியிட்ட டோமினோ நிறுவனம் 2005இல் ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் தொடக்ககாலப் பாடல்களையும், 2006இல் ஜோசஃப் கே பாடல்களையும் தொகுத்துக் கொண்டுவந்தது. பின்னதற்குப் 'பூச்சியியல்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். மனிதன் பூச்சியாக மாறிய கதையை எழுதியவரும் காஃப்காதானே! வெளிவந்த தட்டின் பாடல்களும் கைவிடப்பட்ட தட்டின் பாடல்களும் அந்தத் தொகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இடம்பெற்றன.